ஸியாத் இப்னு அபீஹி: ஒரு தந்தைப் பெயரும் அதைத் திருத்திய பதிவேடுகளும்

அரபு வம்சாவளி நூல்களில் 'இப்னு' என்னும் சிறு சொல்லுக்குப் பெரும் பொறுப்பு உண்டு. ஒருவருடைய குலம் எது, யாருடைய சொத்தில் அவருக்குப் பங்கு, எந்தப் பெண்மணியின் முன் அவர் திரையின்றி அமரலாம் என்பவை யாவும் அச்சொல்லை அடுத்து வரும் பெயரால் முடிவாயின. ஆகவேதான் அந்நூலாசிரியர்கள் இப்பெயரை எழுதுவதில் பெரிதும் எச்சரிக்கையாய் இருந்தனர். ஆயினும், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆளுநர் ஒருவரை அவர்கள் நான்கு விதமாக அழைத்திருப்பதைக் காண்கிறோம்: ஸியாத் இப்னு உபைத், ஸியாத் இப்னு சுமைய்யா, ஸியாத் இப்னு அபீ சுஃப்யான், ஸியாத் இப்னு அபீஹி. இறுதிப் பெயருக்கு 'தன் தந்தையின் மகன் ஸியாத்' என்று பொருள். எவரைத் தந்தையெனக் குறிப்பதென்று தயங்கிய எழுதுகோல்கள் கண்ட வழி அது.

கர்பலா நிகழ்வின்போது (ஹிஜ்ரி 61, கி.பி. 680) கூஃபாவை ஆண்ட உபைதுல்லாஹ்வின் தந்தை என்ற அளவிலேயே நம்மில் பலர் ஸியாதை அறிவோம். மகன்மேல் கொண்ட சினத்தால் தந்தையின் பிறப்பை ஏசுவது பழைய கவிஞர்களின் வழக்கமாயிருந்தது. அதை இங்கு விலக்கிவிடுவோம். ஒரு மூதாதையின் தந்தை யார் என்ற வழக்கு எழும்போது பழைய பதிவுகள் என்ன சொல்லும், எவ்வளவு சொல்லும், மார்க்கம் எந்த இடத்தில் விசாரணையை நிறுத்தச் சொல்கிறது என்பவற்றை அறிய, ஸியாதின் வரலாற்றைப் போல விவரங்கள் எஞ்சியுள்ள பிறிதொன்றைக் காண்பது அரிது.

ஸியாத் ஹிஜ்ரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தாயிஃபில் பிறந்தார். தாய் சுமைய்யா, ஸகீஃப் குலத்தின் பெயர்பெற்ற மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் அடிமைப் பெண். உபைத் என்ற ரோமானிய அடிமைக்கு அவரை மணம் செய்து வைத்தனர் என்றும், அந்த மணவாழ்வில் பிறந்தவரே ஸியாத் என்றும் பெரும்பாலான அறிவிப்புகள் கூறுகின்றன. சுமைய்யாவுக்கு வேறு மக்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் நபித்தோழர் அபூபக்ரா (ரலி). ஹிஜ்ரி 8-இல் தாயிஃப் முற்றுகையின்போது கோட்டைச் சுவரிலிருந்து கப்பியின் உதவியால் இறங்கி வந்து நபி (ஸல்) அவர்களிடம் சேர்ந்து விடுதலை பெற்றவர் அவர். கப்பிக்கு அரபியில் 'பக்ரா' என்று பெயர். அதுவே அவருக்குச் சிறப்புப் பெயராயிற்று.

அபூபக்ரா (ரலி) அவர்களின் தந்தை யார் என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. அவரோ அதைக் குறித்துக் கவலை கொண்டவராய்த் தெரியவில்லை. வளர்ப்பு மக்களை அவர்களுடைய தந்தையர் பெயராலேயே அழையுங்கள், தந்தையரை அறியாவிடில் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் பணிக்கிறது. அவ்வசனத்தை ஓதி, தந்தை அறியப்படாதோருள் தாமும் ஒருவர், ஆதலால் தாம் மக்களுக்கு மார்க்கச் சகோதரர் என்று அவர் கூறியதாகத் தஃப்ஸீர் நூல்களில் அறிவிப்பு உள்ளது. தம்மை நபி (ஸல்) அவர்களின் மவ்லா, அதாவது அவர்களால் விடுவிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்வதே அவருக்குப் போதுமாயிருந்தது.

தம்பியின் வழி வேறாயிற்று. ஸியாத் எழுத்திலும் கணக்கிலும் வல்லவர். பஸராவில் இளமையிலேயே எழுத்தராய் அமர்ந்தார். அக்காலத்துச் செய்தி ஒன்றை இப்னு அப்தில் பர் (மறைவு ஹிஜ்ரி 463) தம் 'அல்இஸ்தீஆப்' நூலில் பதிந்துள்ளார். ஸியாத் தம் தந்தை உபைதை ஆயிரம் திர்ஹம் கொடுத்து வாங்கி விடுதலை செய்தார் என்றும், அந்த நற்செயலைக் கண்டு தாங்கள் ஏங்கியதுண்டு என்றும் அபூ உஸ்மான் அந்நஹ்தீ என்னும் தாபிஈ அறிவிக்கிறார். நம் கருத்தில், இவ்வழக்கின் சான்றுகள் அனைத்திலும் எடை மிக்கது இதுவே. எந்த ஆட்சியாளரும் கேளாதபோது, எந்தப் பதவியும் பரிசாகக் காத்திராதபோது, ஓர் இளைஞர் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தம் தந்தை இன்னார் என்று காட்டிய செயல் இது. அபூ உஸ்மானின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சில பத்தாண்டுகளுக்குப் பின் அவரை மீண்டும் காண்போம்.

தந்தைப் பெயர் வெறும் பெருமையாக மட்டும் நின்றுவிடாமல் அரசுப் பதிவாக மாறியதும் இக்காலத்திலேதான். உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 20 அளவில் திவான் எனும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். வம்சாவளி அறிவில் தேர்ந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரும் பெயர்களை வரிசைப்படுத்தினர். நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தாரில் தொடங்கிக் குலம் குலமாக அவ்வேடு விரிந்தது. உதவித் தொகை அதன்படி வழங்கப்பட்டது. இன்று நாம் குடும்ப ஆவணம் என்று சொல்வதற்கு அன்றைய அரபியரிடம் இருந்த வடிவம் இதுவே. குலப்பெயர் மாறினால் ஏட்டின் பக்கம் மாறும். பக்கம் மாறினால் மதிப்பும் மாறும்.

ஸியாத் குறைஷியர் என்ற பேச்சும் உமர் (ரலி) காலத்திலேயே எழுந்தது என்பர். அவருடைய நாவன்மையைக் கேட்டு வியந்த அவையில், அவரைத் தாயின் கருவில் வைத்தவர் யாரென்று தமக்குத் தெரியும் என அபூ சுஃப்யான் (ரலி) கூறினார் என்றும், உமர் (ரலி) அவர்களுக்கு அஞ்சி அதை வெளிப்படையாக உரிமை கோரவில்லை என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. இச்செய்தியை எழுதிவைத்த நூல்கள் பிற்காலத்தவை. அலீ (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 39-இல் ஸியாதைப் பாரசீகப் பகுதிக்கு ஆளுநராக்கினார்கள். அங்கிருந்தபோது அவரை முஆவியா (ரலி) தம் பக்கம் அழைத்ததை அறிந்து, அபூ சுஃப்யான் வாய்தவறிச் சொன்ன சொல்லால் வம்சமோ வாரிசுரிமையோ நிலைபெறாது என அலீ (ரலி) எச்சரித்து எழுதியதாகவும் காண்கிறோம்.

அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான சட்டத்தை இங்கே விளக்குவது தகும். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்களிடம் ஒரு வழக்கு வந்தது. ஸம்ஆ என்பவரின் அடிமைப் பெண் பெற்ற ஆண்மகவைத் தம் சகோதரர் உத்பாவின் மகன் என்றும், உத்பா இறக்கும்போது அவ்வாறு சொல்லிச் சென்றார் என்றும் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) வாதிட்டார்கள். ஸம்ஆவின் மகன் அப்தோ, இவன் என் தந்தையின் படுக்கையில் பிறந்தவன், ஆகவே என் சகோதரன் என்றார். பிள்ளையின் முகச்சாயல் உத்பாவைத் தெளிவாக ஒத்திருந்ததை நபி (ஸல்) கண்டார்கள். கண்டும், பிள்ளை அப்துக்கே உரியவன் என்று தீர்ப்பளித்தார்கள்; பிள்ளை படுக்கைக்குரியது, விபச்சாரம் புரிந்தவனுக்கு உரிமை ஏதுமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 'ஃபிராஷ்' எனும் இச்சொல் சட்டப்படியான உறவைக் குறிக்கும். அதே வேளையில், ஸம்ஆவின் மகளும் தம் துணைவியாருமான சவ்தா (ரலி) அவர்களை நோக்கி, அப்பிள்ளையின் முன் திரையிட்டுக்கொள்ளுமாறு கூறினார்கள்.

இத்தீர்ப்பின் இரு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். சாயல் பொருட்படுத்தப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. சவ்தா (ரலி) அவர்களுக்குச் சொன்ன பேணுதல் அதற்குச் சான்று. உஸாமாவும் அவர் தந்தை ஸைதும் ஒருவரிலிருந்து ஒருவர் வந்தவர் என்று பாதங்களை மட்டும் பார்த்து அங்க அடையாள வல்லுநர் ஒருவர் கூறியபோது நபி (ஸல்) மகிழ்ந்த நிகழ்ச்சியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. அதனால் மாலிக், ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபினர் தக்க இடங்களில் அத்தகைய வல்லுநரின் சொல்லை ஏற்றனர், ஹனஃபிகள் ஏற்கவில்லை. ஆனால் படுக்கை என ஒன்று உறுதிப்பட்ட இடத்தில், சாயலைக் கொண்டு பிள்ளையின் தந்தையை மாற்ற ஒருவரும் இடம் தரவில்லை. வம்சம் பிள்ளைக்குரிய உரிமை. அதைப் பெரியவர்களின் ஐயத்துக்குப் பலியிடலாகாது என்பதே இவ்விதியின் உட்கிடக்கை என நாம் கருதுகிறோம்.

ஹிஜ்ரி 44-இல் (கி.பி. 664-65) முஆவியா (ரலி) ஸியாதைத் தம் தந்தை அபூ சுஃப்யானின் மகன் என அறிவித்தார்கள். நூல்கள் இதனை 'இஸ்தில்ஹாக்', அதாவது வம்சத்தில் சேர்த்துக்கொள்ளுதல் என்று குறிக்கின்றன. அரசியல் தேவை வெளிப்படை. பாரசீகக் கோட்டையில் பொருளோடும் படையோடும் இருந்த ஆற்றல்மிக்க நிர்வாகி பகைவராயிருப்பதைவிடச் சகோதரராயிருப்பது நன்று. சாட்சிகள் அழைக்கப்பட்டனர். அவர்களுள் தாயிஃபில் அறியாமைக் காலத்தில் மது விற்ற அபூ மர்யம் என்பவரும் ஒருவர்; சுமைய்யாவை அபூ சுஃப்யானிடம் அழைத்துச் சென்றது தாமே என அவர் விவரித்தபோது, சாட்சி சொல்லத்தான் அழைத்தோம், ஏசுவதற்கு அழைக்கவில்லை என்று ஸியாதே அவரைத் தடுத்ததாக அறிவிப்புண்டு.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. ஹிஜ்ரி 17-இல், பஸராவின் அன்றைய ஆளுநர் மீதான ஒழுக்கக் குற்றச்சாட்டில் நால்வர் சாட்சியாக உமர் (ரலி) முன் நின்றனர். மூவர் உறுதியாய்ச் சொல்ல, நான்காமவர் சாட்சியம் முழுமையுறவில்லை. அவதூறுக்குரிய தண்டனையாக அம்மூவருக்கும் கசையடி கிடைத்தது. அம்மூவருள் அபூபக்ரா (ரலி) ஒருவர், நான்காமவர் ஸியாத். ஒழுக்கம் பற்றிய சாட்சியத்துக்கு மார்க்கம் வைத்துள்ள வாயில் எத்துணைக் குறுகியது என்பதைத் தம் கண்ணால் கண்டவர் அவர். 27 ஆண்டுகளுக்குப் பின் தம் தாயைப் பற்றி ஒரு மது வணிகரின் சொல் அவையில் ஒலித்தபோது, அவர் மனத்தில் என்ன ஓடிற்றோ!

முஆவியா (ரலி) அவர்களின் செயலுக்குச் சமாதானம் கூறியோரும் உளர். அறியாமைக் காலத்தில் பலவகை மண உறவுகள் இருந்தன. அக்காலத்தில் பிறந்தோரை இஸ்லாத்தில் உரிமை கோரியவருடன் உமர் (ரலி) சேர்த்துவைத்ததாக 'முவத்தா'விலும் செய்தி உண்டு. இதுவும் அவ்வாறே என்றனர். வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் (மறைவு ஹிஜ்ரி 630) இவ்வாதத்தை எடுத்துரைத்து மறுக்கிறார். நமக்கும் அம்மறுப்பே வலுவாகத் தோன்றுகிறது. உரிமை கோரப்படாத பிள்ளைக்குத் தந்தையைக் கண்டு தருவது ஒன்று. ஏற்கெனவே உபைதின் மகனாயிருந்தவரை அங்கிருந்து பெயர்த்தெடுப்பது வேறொன்று. ஸஹாபாக்களிடையே நேர்ந்தவற்றில் நாவடக்கம் பேணுவது நம் முன்னோர் வழி. ஆயினும், இச்செயலைச் சட்ட முன்மாதிரியாகக் கொள்ளாததும் அதே முன்னோர்தாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். ஸியாத் அபூ சுஃப்யானின் மகனாக உரிமை கோரப்பட்ட செய்தி எட்டியதும், அபூ உஸ்மான் அந்நஹ்தீ நேரே அபூபக்ரா (ரலி) அவர்களிடம் சென்று, இது என்ன செய்துவிட்டீர்கள் என்று கேட்டார். தன் தந்தையல்லர் என அறிந்தே வேறொருவரைத் தந்தையெனக் கோருவோருக்குச் சுவனம் தடுக்கப்பட்டது எனும் நபிமொழியை ஸஅத் (ரலி) வாயிலாகத் தாம் கேட்டதை எடுத்துரைத்தார். தாமும் அதை நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாக அபூபக்ரா (ரலி) விடையிறுத்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமின் ஈமான் பகுதியில் உள்ளது. இந்தச் செயலில் அபூபக்ராவுக்குப் பங்கில்லை, தம்பியுடன் பேசுவதையே அவர் துறந்தார் என்று இமாம் நவவீ தம் விரிவுரையில் தெளிவுபடுத்துகிறார். உபைதின் விடுதலையைக் கண்டு ஏங்கிய அதே அபூ உஸ்மான்தான் இன்று கேள்வி கேட்டவர் என்பதை வாசகர் கவனித்திருப்பர். இவ்விரு அறிவிப்புகளையும் அருகருகே வைக்கும்போதுதான், அவருடைய அதிர்ச்சி எதனால் என்பது விளங்குகிறது.

பதிவேட்டில் ஒரு பெயரை மாற்றலாம். வீட்டு வாசலில் அது எவ்வாறு பொருந்தும்? அபூ சுஃப்யானின் மகளாகிய உம்மு ஹபீபா (ரலி) நபி (ஸல்) அவர்களின் துணைவியார். புதிய வம்சத்தின்படி ஸியாத் அவருக்குச் சகோதரர். திரையின்றிச் சந்திக்கும் உரிமை உடையவர். ஸியாத் ஹஜ்ஜுக்குப் புறப்பட எண்ணியபோது அபூபக்ரா (ரலி) இதனைச் சுட்டிக்காட்டினார்களாம். உம்முல் முஃமினீன் அனுமதித்தால் அது நபி (ஸல்) அவர்களின் கண்ணியத்துக்கு இழுக்கு. திரையிட்டால் ஸியாதின் உரிமைக் கோரிக்கை ஊரறியப் பொய்க்கும். ஸியாத் பயணத்தைக் கைவிட்டார் என்று அறிவிப்பு முடிகிறது. சவ்தா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை அறிந்தவர்க்கு இதன் நுட்பம் தானே புலப்படும்.

ஆயிஷா (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் தம்மை அபூ சுஃப்யானின் மகன் என ஸியாத் குறித்ததையும் இப்னுல் அஸீர் பதிந்துள்ளார். அதே பெயரால் விடை வந்தால் அதைச் சான்றாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். வந்த விடையில், முஃமின்களின் அன்னை ஆயிஷா தம் மகன் ஸியாதுக்கு எழுதுவதாகவே இருந்தது. மனத்தைப் புண்படுத்தாமலும் பொய்க்குக் கையொப்பமிடாமலும் எழுதப்பட்ட விலாசம்!

ஆவணங்களை ஆராய்வோருக்கு இன்னொரு தடயமும் உண்டு. குர்பானிப் பிராணியை அனுப்புவது குறித்து ஸியாத் ஆயிஷா (ரலி) அவர்களிடம் சட்டம் கேட்டு எழுதியதை அம்ரா பின்த் அப்திர் ரஹ்மான் அறிவிக்க, இமாம் மாலிக் வழியாகப் புகாரியில் அது இடம்பெறுகிறது. அங்கே 'ஸியாத் இப்னு அபீ சுஃப்யான்' என்றே பெயர் வருகிறது. இப்னு ஹஜர் (மறைவு ஹிஜ்ரி 852) இதற்குத் தரும் விளக்கம் சுருக்கமானது: இச்செய்தி உமையாக்களின் காலத்தில் சொல்லப்பட்டது; பின்னர் அவரை இப்னு அபீஹி என்றே அழைத்தனர். ஆகவே அங்குள்ள பெயர் ஸியாதின் தந்தையை அறியச் சான்றாகாது. அச்செய்தி எக்காலத்தில் வாயுரையாயிற்று என்பதை அறியவே உதவும். பெயரைக் கேட்டவாறே கடத்திய அறிவிப்பாளர்களின் நேர்மைக்கும் இது எடுத்துக்காட்டு.

நூல்களை விட்டு உலோகத்துக்கு வருவோம். ஸியாத் ஹிஜ்ரி 45-இல் பஸராவின் ஆளுநராகி, பின்னர் கூஃாவையும் சேர்த்து ஆண்டு, 53-இல் மறைந்தார். அவர் பெயரில் அடித்த வெள்ளித் திர்ஹம்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. பாரசீகப் பேரரசர் குஸ்ரூவின் உருவ மாதிரி, ஓரத்தில் அரபியில் இறைநாமம், முகத்தின் எதிரே பஹ்லவி எழுத்தில் ஆளுநரின் பெயர் என்ற அமைப்பு அவற்றுக்கு. அப்பெயர் ஸியாத் இப்னு அபீ சுஃப்யான் என்றே உள்ளது. தபரீயும் பலாதுரீயும் இரண்டு நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்கள். இந்நாணயமோ சமகாலத்துச் சான்று. எனினும் அது எதற்குச் சான்று? ஆட்சி எப்பெயரை வழங்கச் செய்தது என்பதற்கு மட்டுமே. ஆவணம் பழையதாயிருப்பதும் அது சொல்வது உண்மையாயிருப்பதும் ஒன்றென மயங்குவோர் இந்நாணயத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

ஆட்சி மாறியது, பெயரும் மாறியது. ஹிஜ்ரி 160-இன் நிகழ்ச்சிகளில், அப்பாஸிய கலீஃபா மஹ்தீயின் ஆணை ஒன்றைத் தபரீ விரிவாகத் தருகிறார். ஸியாதின் வழித்தோன்றல் ஒருவர் கலீஃபாவின் முறைமன்றத்துக்கு வந்து, தாம் யாரென்று கேட்டபோது, தங்கள் சிற்றப்பன் வழி உறவினன் என்றார். எந்த உறவு என வினவி, ஸியாதின் பெயர் வந்ததும் கலீஃபா சினந்து அவரை வெளியேற்றினார். அதன்பின், ஸியாதின் குடும்பத்தைக் குறைஷியரின் திவானிலிருந்து நீக்கி உபைதின் வழிக்கு மீட்குமாறு பஸரா ஆளுநருக்குக் கடிதம் சென்றது. நபிகளாரின் தீர்ப்பை நிலைநாட்டுவதே நோக்கம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தீர்ப்பு சரிதான், உமையாக்களின் சாயலைத் துடைப்பதில் அப்பாஸியருக்கு இருந்த ஆர்வத்தையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

அதே ஆணையில் அபூபக்ரா (ரலி) அவர்களின் சந்ததியாரும் அகப்பட்டனர். தம் தந்தையை அறியாமலிருப்பதில் குறைவு காணாத அம்மனிதரின் பேரர்கள், செல்வமும் செல்வாக்கும் பெற்றபின் தங்களை ஸகீஃப் குலத்தவராக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் நபிகளாரின் மவ்லா என்ற பழைய நிலைக்கே திருப்பப்பட்டனர். ஸியாதின் குடும்பத்தாரோ, திவான் அலுவலர்களுக்குக் கையூட்டுத் தந்து பழைய இடத்துக்கே திரும்பிவிட்டனர் என்று தபரீ ஒரே வரியில் முடிக்கிறார். ஏடு எழுதப்பட்டது, அடிக்கப்பட்டது, மறுபடியும் எழுதப்பட்டது. மூன்றாவது எழுத்து மட்டும் ஒருவர் கையில் கிடைத்தால், அவர் என்ன முடிவுக்கு வருவார்?

இன்று மரபணுச் சோதனை என்னும் கருவி கையில் உள்ளது. முஸ்லிம் உலக லீக்கின் இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 2002 ஜனவரியில் மக்காவில் கூடியபோது இதனை ஆராய்ந்தது. வம்சம் அறியப்படாதோர் பற்றிய வழக்கு, மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போதல், பேரிடரில் பிள்ளைகள் கலந்துவிடுதல் போன்றவற்றில் இச்சோதனையைப் பயன்படுத்தலாம் என்றது. சட்டப்படி நிலைபெற்ற வம்சத்தை மறுப்பதற்கோ அதைச் சரிபார்ப்பதற்கோ கூடாது என்றது. ஸம்ஆவின் மகன் வழக்கில் கண்ட அதே கோடுதான் இது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 112-ஆம் பிரிவில் திருமணத்தின்போது பிறந்த பிள்ளையைக் கணவனின் பிள்ளையென்றே கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அவ்விதியைத் தொடர்கிறது. நம் ஊர்களின் ஜமாஅத் நிக்காஹ் தப்தர்களையும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் வைத்து வம்சாவளி எழுதும் ஆர்வம் பெருகியுள்ளது, நல்லதே. அவற்றில் ஒரு பாட்டனாரின் தந்தைப் பெயர் இரண்டு விதமாய்க் காணப்படும் தருணத்தில், அப்பெயரை எழுதியவர் யார், எப்போது எழுதினார், அதனால் யாருக்குப் பங்கு கூடிற்று என்று கேட்பது ஆய்வாளரின் கடமை. அதற்கு அப்பால் சென்று, மறைந்துபோன ஒரு தாயின் ஒழுக்கத்தைப் பற்றி ஊகம் எழுதுவதை ஆய்வு என்று சொல்ல நமக்கு மனமில்லை. அவதூறுக்குரிய சட்டத்தில் இறந்தவருக்கு விலக்கு எழுதப்படவில்லை.

இத்தனை ஏடுகளிலும் சுமைய்யாவின் சொல் ஒன்றுகூட இல்லை. அவரை ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்ததாகவும், மணம் செய்து வைத்ததாகவும், அழைத்துச் சென்றதாகவும் ஆண்கள் சாட்சி சொல்கின்றனர். அடிமைப் பெண்களை இழிதொழிலுக்கு நிர்ப்பந்திக்கலாகாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 33-ஆம் வசனம் பின்னர் தடுத்தது. நிர்ப்பந்திக்கப்பட்டோருக்கு மன்னிப்பையும் உரைத்தது. பழைய கவிஞர்கள் ஏசுவதற்கு எடுத்த பெயர் அவருடையது. 'இப்னு சுமைய்யா' என்பதை இழிவாக எழுதியோர், சர்ச்சைக்கு இடமில்லாத ஒரே பெற்றோரின் பெயரைத்தான் எழுதினார்கள்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யமன் நாட்டு ஸபீத் நகரில் புதிய ஆட்சிக் குடும்பம் ஒன்று தோன்றியது. அதைத் தோற்றுவித்த முஹம்மத், ஸியாதின் மகன் உபைதுல்லாஹ்வின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அக்குடும்பம் அங்கு ஆண்டது. வரலாற்றில் அதற்குப் பனூ ஸியாத் என்று பெயர். உபைதின் பெயரும் அதில் இல்லை, அபூ சுஃப்யானின் பெயரும் இல்லை.